தெரியாது சிஸ்டர்

வகுப்புக்குள் நுழைந்ததும் அறிவியல் சிஸ்டர் புது சாக்பீஸை இரண்டாக உடைப்பார். முழுசாக இருந்தால் கிறீச்சிடும் என்பது அவர் கணக்கு. உடைத்த பாதியால், பலகையின் வலது மேல்மூலையில் இருக்கும் சதுரத்தின் கோடுகளை ஒருமுறை அழுத்தி வரைவார். பிறகுதான் பாடம். இந்தப் பள்ளியின் ஆயாவாகப் பதினெட்டு வருடமாக அந்தப் பலகையைத் துடைக்கிறேன். சதுரத்துக்குள் என் துணி பட்டது ஒரே ஒரு நாள்தான்.

அதற்குள் இருப்பவை, மாணவிகள் கேட்டு அவருக்கு விடை தெரியாமல்போன கேள்விகள். விடை கிடைத்ததும் வகுப்பில் சொல்லிவிட்டு அவரே அழிப்பார். சிலது மறுநாளே போய்விடும். சிலது மாதக்கணக்கில் கிடக்கும். புதிதாக ஒன்று மாட்டினால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். “தெரியாதுடி! எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியாது. வா, வந்து எழுது!” என்று பரிசு விழுந்தவர் மாதிரி கூவுவார். அப்படித்தான் பிள்ளைகள் அவருக்குத் தெரியாது சிஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். காதுபடவே சொல்வார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

குள்ளமானவர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். ஒரு பிள்ளை திக்கித் திணறிப் பதில் சொல்லும்போது தான் மணி பார்ப்பது அதன் கண்ணில் படக்கூடாதாம். விடைத்தாள் கொடுக்கிற நாளில், இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண் வாங்கியவளின் பெஞ்சில் போய் இடித்துக்கொண்டு உட்காருவார். “தள்ளிக்கோ. எந்த இடத்துல வழுக்கி விழுந்தோம்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.” கோபம் வராதவர் இல்லை. வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “இப்ப நீ எனக்கு மங்கலாத்தான் தெரியற. அதுதான் உனக்கு நல்லது.”

வராந்தாவில், பள்ளியை நடத்தும் துறவற சபையை நிறுவிய அம்மையாரின் படம் இருக்கிறது. பிறர் வீட்டுத் துணி தைத்துப் பிழைத்தவர். பன்னிரண்டு சிறுமிகளை உட்காரவைத்துப் பள்ளி தொடங்கியபோது அவருக்கே எழுத்து பாதிதான் தெரியுமாம். அவர்கள் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், “நாளைக்குச் சொல்றேன்” என்பார். சாயங்காலம் இரண்டு மைல் நடந்துபோய், படித்த ஒருவரிடம் கேட்டு வருவார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னவள் அன்று ஆசிரியை அல்ல என்று சபைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். மற்ற சகோதரிகள் அதை ஆண்டுக்கொருமுறை எழுந்து நின்று வாசிப்பார்கள். இவர் தினமும் சாக்பீஸால் வாசிப்பார்.

எங்கள் பள்ளியில் அப்போது பத்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்குமேல் படிக்க இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பாதிப் பெண்கள் அத்தோடு வீட்டில் நின்றுவிடுவார்கள். மேல்வகுப்புக்கு நான்கு முறை அனுமதி கேட்டு, நான்கு முறையும் இல்லையென்று வந்தது. ஐந்தாவது முறை, நேரில் பார்த்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தலைமையாசிரியையான மதர், அறிவியல் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“சிஸ்டர், அந்த மூலையை நாளைக்கு ஒருநாள் மட்டும் துடைச்சுடுங்களேன்.”

“ஏன் மதர்?”

“டீச்சருக்கே ஒண்ணும் தெரியலைன்னு எழுதிட்டுப் போயிடுவார். அப்புறம் பதினொண்ணாவதை மறந்துட வேண்டியதுதான்.”

“தெரியலைங்கறது உண்மைதானே மதர்? எழுதிக்கட்டும்.”

சிஸ்டர் போனபிறகு மதர் என் பக்கம் திரும்பினார். “நீயாவது துடைச்சுடும்மா. எல்லாம் பிள்ளைங்களுக்காகத்தான்.” ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன்.

காலையில் சிஸ்டர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நல்லாத்தான் துடைச்சிருக்க. ஒரு கோடுகூட மிச்சமில்ல” என்றார். சிரித்துக்கொண்டே மூன்று கேள்விகளையும் மறுபடி எழுதினார். சுற்றிலும் சதுரத்தின் கோடுகளை இரண்டு முறை அழுத்தி வரைந்தார். நாற்பது பெண்களின் படிப்பு அந்த மூலையில் தொங்குவது அவருக்கும் தெரியும்.

அதிகாரி வந்ததும் அவர் கண் நேராக அங்கேதான் போனது. “இது என்ன?”

“எனக்குத் தெரியாத கேள்விங்க சார்.”

“தெரியாததை எதுக்கு ஊருக்கே தெரியற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க?”

“மறந்துடக்கூடாதுன்னுதான்.”

மதர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கடைசி பெஞ்சில் ஒருத்தியை எழுப்பி, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்: தலைகீழாகத் தொங்கும் வௌவாலுக்கு ஏன் தலை சுற்றுவதில்லை? அவள் யோசித்தாள். “தெரியாதுங்க சார்.”

“அப்புறம்?”

“நாளைக்கு வந்து கேளுங்க சார், சொல்றேன்.”

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் ஐந்தாறு பேரைக் கேட்டார். தெரிந்தவள் காரணத்தோடு சொன்னாள். தெரியாதவள் தெரியாது என்றாள். அதிகாரி மெல்லச் சொன்னார்: “இருபத்தாறு வருஷமா பள்ளிக்கூடம் பார்க்கறேன். நான் கேள்வி கேட்டா பிள்ளைங்க பக்கத்துல இருக்கறவ வாயைப் பார்க்கும். இங்க ஒண்ணுகூடப் பார்க்கலையே.”

பிறகு பலகைக்கு அருகில் போய், சதுரத்துக்குள் இருந்ததை வாய்விட்டு வாசித்தார். “ஒருத்தர் கொட்டாவி விட்டா பார்க்கறவங்களுக்கும் ஏன் வருது?” வாசித்து முடிப்பதற்குள் அவருக்கே வந்துவிட்டது. ஃபைலால் வாயை மறைத்தார். முன் பெஞ்சுக்குத் தொற்றியது. அடுத்த பெஞ்சுக்கும் தொற்றியது. மதர் எவ்வளவோ உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. வகுப்பே வெடித்துச் சிரித்தது. “எனக்கும் தெரியாது சிஸ்டர்” என்றார் அதிகாரி, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

மூன்றாவது வாரம் அனுமதிக் கடிதம் வந்தது. மதர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று மைதானத்தின் குறுக்கே ஓடினார். மொத்தப் பள்ளிக்கும் வாசித்துக் காட்டினார். கூச்சல் அடங்கியதும், “அந்த மூலையைத் துடைக்கச் சொன்னது நான்தான். தப்பு பண்ணிட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

இன்று பதினொன்றிலும் பன்னிரண்டிலுமாக எண்பத்தாறு பேர் படிக்கிறார்கள். பஸ்ஸுக்கு வழியில்லாமல் நின்றுபோனவர்களில் ஏழு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். இடம் போதாமல் ஆசிரியைகளின் ஓய்வறையும் வகுப்பாகிவிட்டது. அதனால் தெரியாது சிஸ்டர் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார். மணி அடித்ததும் பெரிய வகுப்புப் பெண்கள் தடதடவென்று இறங்கி வருவார்கள். அவர் தலை நிமிர்வதில்லை. திருத்திக்கொண்டே அங்கியைச் சேர்த்துப் பிடித்து, காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.