செவலைக்கு எந்தப் பக்கம் குழி

அன்றைக்கு எண்ணூர் கழிமுகத்து ஓரம் இருந்தவர்கள் ஆறு பேர். என் அண்ணன். அண்ணனோடு பல வருஷமாகப் பேச்சு இல்லாத காலடிப்பேட்டைக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற, ரேஸ் நடந்த காலத்தில் கொடி அசைத்துக் குதிரைகளைக் கிளப்பிவிட்ட பெரியவர். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த, லாடம் அடிக்கிற பாய். ஜேசிபி டிரைவர். நான். அண்ணி வரவில்லை, வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணனுடைய குதிரை செவலை, அவரே ஓட்டி வந்த மீன் ஏற்றுகிற டெம்போவில் தார்பாய்க்கு அடியில் கிடந்தது.

யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். அது என் பழக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பார்த்த சீலையே திரும்பப் போய்ப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

செவலை முந்தின நாள் சாயங்காலம் தீனி எடுக்கவில்லை. வயிறு உப்பி, படுத்துப் புரண்டது. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார், ஊசி போட்டார். விடிவதற்குள் போய்விட்டது. அண்ணன் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. டெம்போவின் பின்கதவுக் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் தோன்றிக்கொண்டிருந்தது. வழியில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். அண்ணன் திட்டவில்லை. மற்ற நாளாக இருந்தால் திட்டியிருப்பார்.

எங்கள் பக்கத்துக் குதிரை ரேஸைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் எக்ஸ்பிரஸ் ரோட்டில், ரெண்டு சக்கர வண்டி பூட்டி விடுவார்கள். இப்போது கிடையாது. போலீசும் விடுவதில்லை, டிரெய்லர்களும் விடுவதில்லை. எங்கள் ரேஸில் குதிரை பாயக்கூடாது. வேக நடையில்தான் போக வேண்டும். பாய்ச்சல் எடுத்தால் அவுட். பக்கத்தில் பைக்கில் வருகிறவர்கள் குதிரையின் காலையே பார்த்துக்கொண்டு வருவார்கள். பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் நடையை மாற்றாத குதிரைக்குத்தான் மதிப்பு. செவலை ஒரு தடவைகூடப் பாய்ந்ததில்லை. ஓடிய ரேஸ் எல்லாம் ஜெயித்த குதிரை.

கழிமுகத்துக்குப் பக்கத்தில், அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் போகிற வழியில், கொஞ்சம் மேடான இடம் ஒன்று உண்டு. நாலு பக்கமும் இரும்புத் துண்டுகளை ஊன்றிக் கம்பி கட்டியிருக்கிறார்கள். உள்ளே ரெண்டு குதிரைகளைப் புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் அது இழுத்த வண்டியின் சக்கரம் ஒன்று நட்டிருக்கும். எல்லாக் குதிரைக்கும் அங்கே இடம் கிடையாது. 'பெரிய குதிரை' என்று பெயர் வாங்கியதற்கு மட்டும்தான். அந்தப் பெயரை, ரோட்டில் குதிரை விட்டவர்கள், கொடி அசைத்தவர்கள் என்று உயிரோடு இருக்கிற எல்லாரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் இல்லை. குதிரையின் சொந்தக்காரன் வாயைத் திறக்கக்கூடாது. இல்லை என்று ஆகிவிட்டால் கார்ப்பரேஷன் லாரி வரும், குப்பை மேட்டுக்குப் போய்விடும்.

அண்ணனை விட்டால் மிச்சம் இருந்தது ரெண்டே பேர். பெரியவர், காலடிப்பேட்டைக்காரர்.

பெரியவர் வந்ததுமே சொல்லிவிட்டார். "நான் சரின்றேன். செவல பெரிய குதிர. நீ இன்னாப்பா சொல்ற?"

காலடிப்பேட்டைக்காரர் சாம்பல் குழாய் மேல் ஏறி உட்கார்ந்தார். "இன்னா அவசரம்? செத்தது எங்க எழுந்து ஓடப் போவுதா?"

அண்ணன் டெம்போவில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு குதிரை நிற்கிற அளவு இடம்தான்.

ஜேசிபி டிரைவர் இறங்கி என்னிடம் வந்தார். "எங்க தோண்டணும்னு சொன்னீங்கன்னா ஆரம்பிச்சிடுவேன்ணா. வண்டி வந்ததுல இருந்து டைம் ஓடுது."

"இஞ்சின் ஆஃப்லதானே இருக்கு?"

"இஞ்சின் ஆஃப்ணா. டைம் ஆஃப் இல்ல."

மணிக்கு ஆயிரத்து நானூறு பேசியிருந்தோம். அண்ணன் ரெண்டு மணி நேரத்துக்குத்தான் பணம் எடுத்து வந்திருந்தார். என் மனசு அதிலேயே போய் நின்றுவிட்டது. அது தவிர, ரோந்து ஜீப் வந்தால் என்ன சொல்வது, குழியில் தண்ணீர் ஊறினால் என்ன செய்வது, காலையில் அண்ணன் சர்க்கரை மாத்திரை போட்டாரா இல்லையா.

"பெரிய குதிரன்னா இன்னா?" என்று காலடிப்பேட்டைக்காரர் ஆரம்பித்தார். "யார ஜெயிச்சுது அது? மீஞ்சூர் குதிர ஒன்னு. அது வாரம் பூரா ஜல்லி இஸ்துட்டு ஞாயித்துக்கெழம ரேஸுக்கு வரும். புளியந்தோப்பு குதிர ஒன்னு. அதுக்கு ஒரு கண்ணு தெரியாது."

"ரெண்டு கண்ணும் நல்லா தெரியும் மாமு," என்றார் பாய். "ஓட்டுனவனுக்குத்தான் தெரியாது."

பெரியவர் சிரித்தார். காலடிப்பேட்டைக்காரர் சிரிக்கவில்லை. "காசிமேட்டு ஈர மணல்லயே நடக்க வுட்டு வளத்தாரு இவுங்க அண்ணன். மணல்ல பழகுன குதிர தார் ரோட்டுல பூ மேல போற மாரி போவும். அது குதிர தெறமையா, மணலோட தெறமையா?"

"நீ இன்னா பண்ண?" என்றார் பெரியவர். "வண்டில சிமெண்டு மூட்ட ஏத்தி தார் ரோட்டுலயே இஸ்துகினு கெடந்த. உன் வெள்ளச்சிக்கு முட்டி இன்னா ஆச்சு?"

"என் வெள்ளச்சி உசுரோட கீது."

அண்ணன் திரும்பக்கூட இல்லை.

வெள்ளச்சி அவருடைய பெண் குதிரை. அதுவும் தோற்றதே இல்லை. இப்போது மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிறது. அந்தக் காலத்தில் டீக்கடையில் ரெண்டு பேர் உட்கார்ந்தால் செவலையா வெள்ளச்சியா என்பதுதான் பேச்சு. ஒரே ஒரு தடவை ரெண்டுக்கும் ரேஸ் வைத்தார்கள். கிளம்புகிற கோட்டுக்கு நடத்திக் கூட்டி வரும்போது வெள்ளச்சிக்கு முன்னங்கால் லாடம் கழன்று விழுந்துவிட்டது. பாய் அன்றைக்கு வரவில்லை, வீட்டிலிருந்து கூப்பிட்டு வர வேண்டும். வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. போலீஸ் வந்துவிடும், நிற்க முடியாது என்று அண்ணன் சொன்னார். பெரியவர் கொடி அசைத்தார். செவலை தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்தது. கப்பை அண்ணன் வாங்கிக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.

"அரை மணி நேரம்," என்றார் காலடிப்பேட்டைக்காரர், என்னைப் பார்த்து. "அரை மணி நேரம் நின்னிருந்தா பாய் வந்து அட்ச்சிருப்பான். வோணும்னா கேளு பாயை."

"என்ன இழுக்காத. ரெண்டு பேர் குதிரைக்கும் லாடம் அட்ச்சவன் நான். ரெண்டு பேரும் என் வூட்டு பிரியாணி துன்னவங்கோ. நான் ஒன்னும் பேச மாட்டேன்."

"மாமா, வெயில் ஏறுது," என்றேன் நான். "வயிறு இன்னும் உப்பிகினே போவுது. சரின்னா சரி, இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. கார்ப்பரேஷனுக்காவது ஃபோன் பண்றேன்."

"உங்க அண்ணன கேக்கச் சொல்லு."

"சொந்தக்காரன் பேசக்கூடாதே மாமா."

"அது எனக்குத் தெரியும்."

"அப்புறம் எப்பிடி மாமா?"

"அத்தொட்டுதான் நிக்கட்டும்ன்றேன். அன்னிக்கி நிக்காத ஆளு, இன்னிக்கி நிக்கட்டும்."

டிரைவர் ஜேசிபியின் மண் அள்ளுகிற வாளி மேல் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்ததும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியிலிருந்து புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. காற்றே இல்லை. காற்று இல்லாதது நல்லது, வாடை பரவாது என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து என் கையால் கொள்ளு தின்ற குதிரை அது. நான் வாடையைப் பற்றித்தான் நினைத்தேன்.

பாய் பையைத் திறந்து குறடு எடுத்தார். புதைப்பதற்கு முன்னால் லாடத்தைக் கழற்றிவிட வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தார். டெம்போவில் ஏறித் தார்பாயைக் கால் பக்கம் மட்டும் விலக்கினார். கால் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது, தனியாளாகப் பிடிக்க முடியவில்லை. "யாராச்சும் புடிங்கப்பா" என்றார். நான் போவதற்குள் காலடிப்பேட்டைக்காரர் குழாயிலிருந்து இறங்கி வந்து ஏறிவிட்டார். முதுகைத் திருப்பி, காலைத் தன் ரெண்டு முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். உயிரோடு இருக்கிற குதிரைக்குப் பிடிக்கிற மாதிரியே. வாயால் "ச்சு, ச்சு" என்றுகூடச் சொன்னார், பழக்கத்தில். நாலு லாடமும் கழற்றி முடிகிற வரைக்கும் பிடித்திருந்தார். கடைசிக் குளம்பைக் கையால் ஒரு தடவை தடவினார். இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"சரி. உள்ள போடுங்க."

பெரியவர் "அப்பாடா" என்றார். டிரைவர் ஓடிப்போய் இஞ்சினைப் போட்டார். நான் கம்பி வேலியை அவிழ்க்கப் போனேன்.

"வேணாம்," என்றார் அண்ணன்.

இஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். டிரைவர் ஆஃப் பண்ணினார்.

"வேணாம். வெளியவே தோண்டு."

"யோவ், அவன்தான் சரின்னுட்டானே!" என்று பெரியவர் கத்தினார். "நீ பேசவே கூடாது. வேல முடிஞ்சுது!"

அண்ணன் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "கால புட்ச்சதும் மனசு எளகிச் சொல்றாரு. ஓடாம குடுத்த கப்ப ஒரு தடவ வாங்கிட்டேன். இன்னொரு தடவ வேணாம்னு அவருகிட்ட சொல்லு."

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் அங்கேயேதான் நின்றார். மறுபடி போய்க் குழாய் மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "செத்தாலும் திமிரு போவாது" என்றார்.

"யாருக்கு, குதிரைக்கா?" என்று பாய் கேட்டார்.

வேலிக்கு வெளியே அதுவரை யாரும் புதைத்ததில்லை. அது யாருடைய இடம், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நான் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஜேசிபி தோண்டியது. மேலே மணல், அப்புறம் கெட்டிப்பட்ட சாம்பல், அதற்குக் கீழே கருப்புச் சேறு. நினைத்தபடியே தண்ணீர் ஊறியது. கயிறு கட்டிச் செவலையைத் தூக்கினார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. நான் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு அவிழவில்லை. உள்ளே வைத்ததும் சேற்றுத் தண்ணீர் பக்கத்தில் ஏறி நின்றது. மண்ணைத் தள்ளி மூடினார்கள். அண்ணன் கால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், பிறகு போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

டிரைவர் கணக்குச் சொன்னார். தோண்டி மூட ரெண்டு மணி நேரம். சும்மா நின்றது ஒரு மணி நேரம். அண்ணன் ரெண்டாயிரத்து எண்ணூறைக் கொடுத்து, மிச்சத்தை நாளைக்குத் தருகிறேன் என்றார்.

காலடிப்பேட்டைக்காரர் சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டே வந்தார். "நின்ன நேரம் என்னால. அது என் துட்டு. இந்தா."

"டிரைவர், அவருகிட்ட வாங்காத," என்றார் அண்ணன்.

"தோ பாரு நைனா, அவரு குடுத்து நீ வாங்குனேன்னு தெரிஞ்சுது, காலடிப்பேட்டையில உன் வண்டி ஒரு பிடி மண்ணு தோண்டாது."

"அவருகிட்ட வாங்குனா திருவொத்தியூர்லயும் தோண்டாது."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு தன் ஸ்கூட்டரை எடுக்கப் போனார். பாய் லாடங்களைச் சாக்கில் போட்டு அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் வாங்கி டெம்போவில் வைத்தார். டிரைவர் மிச்சப் பணத்தை வாங்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அண்ணன் ரெண்டு நாள் தூங்கினார். லாயத்தைக் கழுவிவிட்டேன். கொள்ளு பாதி மூட்டை மிச்சம் இருந்தது, பூச்சி பிடிக்குமே என்று கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். எதுவும் தோன்றவில்லை, அந்த ஜேசிபி பாக்கி மட்டும் நினைவிலேயே இருந்தது. சம்பளம் வந்ததும் ரெண்டு பேருக்கும் தெரியாமல் டிரைவருக்கு ஃபோனில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பணம் திரும்பி வந்தது. பின்னாலேயே அவரும் கூப்பிட்டார்.

"அண்ணா, ரெண்டு பேரும் தனித்தனியா ஃபோன் பண்ணிட்டாங்க. அவரு அனுப்பினா திருப்பிடுன்னு இவரு, இவரு அனுப்பினா திருப்பிடுன்னு அவரு. நீங்க அவரு தம்பி. உங்ககிட்ட வாங்கினா அவருகிட்ட வாங்கின மாதிரிதான். எனக்கு இந்தப் பக்கம் வேலை வேணும்ணா."

"அப்ப எப்பதான் வாங்குவீங்க?"

"அவங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சு ஒருத்தர் குடுக்கட்டும், வாங்கிக்கறேன்."

முகூர்த்த நாளில் வெள்ளச்சி எங்கள் தெரு வழியாகப் போகும். மேலே மாப்பிள்ளை, முன்னால் பேண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலடிப்பேட்டைக்காரர். பட்டாசு வெடித்தாலும் அது நடையை மாற்றுவதில்லை. அண்ணன் வாசலில் நின்று அதன் காலையே பார்ப்பார். அவரும் இந்தப் பக்கம் பார்ப்பார். தெரு முனை திரும்புகிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசுவதில்லை. யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்று நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னும் ஆயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.