தறிக்குழியில் படித்த இலத்தீன்

1958 ஜூன் இரண்டாம் நாள், திங்கட்கிழமை. பாலக்காட்டுக் காற்றோடு மெல்லிய தூறல். அன்றுதான் கோவையில் நான் இலத்தீன் ஆசிரியனானேன். ஊரார் கேட்காத பாடத்தைக் கற்பித்துத் தொண்டை வறண்ட அன்பர்களே, இத்தொழிலின் முதல் விதியை நீங்களும் அறிவீர்கள்: தேடிவந்த மாணவரை விட்டுவிடக் கூடாது.

மூத்த மாணவர்

என்னைத் தேடி வந்தவர் சோமனூர் நெசவாளர் அருளப்பன்; என்னைவிட மூத்தவர். பாதிரியாராக வேண்டும் என்பது அவர் ஆசை; பூசை இலத்தீனிலேயே நடந்த காலம் அது. வயது ஏறிவிட்டதால், பாதிரியார்களைப் பயிற்றும் குருமடத்தின் அடுத்த இலத்தீன் வாய்மொழித் தேர்வே அவருக்குக் கடைசி வாய்ப்பு.

'அலும்னுஸ்' என்ற சொல்லில் தொடங்கினேன். ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் 'அலெரே' என்ற வினையிலிருந்து பிறந்த பழைய எச்சவடிவம் அது; பொருள் 'வளர்க்கப்பட்டவன்', அதாவது மாணவன். நம் வினையாலணையும் பெயர்போல் அதுவும் வேற்றுமை ஏற்கும் என்று விளக்கி, உருபுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். அவர் பணிவாகக் கேட்டார்:

"எழுதிப்போட்டீங்க, சரிங்க. பொழுதுக்கும் தறியில கெடக்கறவன் இதை எப்பப் படிக்கிறதுங்க?"

அக்காளின் ஐயம்

மழைக்காலம் முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன். தெருவிலேயே குரல் கேட்டது. குழித்தறியில் அமர்ந்து, வலக்கால் மிதிக்கு 'அலும்னுஸ்', இடக்கால் மிதிக்கு 'அலும்னீ', மீண்டும் வலக்காலுக்கு 'அலும்னோ' என்று, வலக்கை கயிற்றை இழுக்க ஊடைநூலோடு நாடா குறுக்கே ஓடும் தாளத்தில் நெய்துகொண்டே ஒப்பித்தார். ஓர் உருபும் பிழையில்லை. நான் மெய்ம்மறந்து நின்றேன். நாடாவில் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய அக்காள் என்னைப் பார்த்தார்:

"ஏனுங்க வாத்தியாருங்களே, இவன் கத்துறது சாமிக்காச்சும் புரியுமுங்களா?"

புதுச் செருப்பு

தேர்வன்று அருளப்பன் புதுச் செருப்பணிந்து, நாற்காலியில் விறைப்பாக அமர்ந்தார். வாசலில் நான். தேர்வாளரான முதிய பாதிரியார் 'அலும்னுஸ்' என்ற சொல்லையே கேட்டார். அருளப்பன் முதல் வேற்றுமையோடு நின்றுவிட்டார். பாதிரியார் காத்திருந்தார், பிறகு முடிவை எழுதப் பேனாவை எடுத்தார்.

"சாமி, கொஞ்சம் காலை ஆட்டிக்கட்டுங்களா?"

பாதிரியார் வியப்போடு தலையசைத்தார். செருப்பைக் கழற்றினார் அருளப்பன். கால்கள் தரையில் மாறி மாறி மிதித்தன. வலக்கை, அங்கே இல்லாத தறிக்கயிற்றை இழுத்தது. ஒருமை, பன்மை, ஆண்பால், பெண்பால் எல்லாம் தடையின்றி ஓடின. பாதிரியார் பேனாவைக் கீழே வைத்தார்:

"போதும் தம்பி, நிறுத்து. என் காலும் ஆடுது."

அருளப்பன் தேறினார், குருமடத்தில் சேர்ந்து, எட்டாண்டுக்குப் பின் குருப்பட்டம் பெற்றார். அதற்குள் பூசை தமிழுக்கு மாறிவிட்டதால் அவர் தமிழில் பூசை வைத்தார், நானோ ஆங்கில இலக்கண வகுப்புக்கு மாற்றப்பட்டேன். எங்கள் இருவரில் எவரும் அந்த இலத்தீனை வீண் என்று இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.