நடுச்சுவர் கட்டாத கொத்தனார்

எங்கள் ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று சர்ச்சின் பங்குப் பேரவையில் கேட்டுக்கொண்டார்கள். சரி, எழுதவில்லை. அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற பஸ்ஸில் ஏறி, கொத்தனார் அடைக்கலமேரி எந்த ஊர் என்று கேட்டால் கண்டக்டரே இறக்கிவிடுவார். நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய தெருக்காரன். பேரவைச் செயலாளர் நாற்காலியை முப்பது வருடத்துக்கு மேலாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. அடைக்கலமேரியைப் புகழ்ந்து எழுதுகிறேனே, எப்போதும் அவர் பக்கம் நின்றவன் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நிற்கவில்லை. எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடைக்கலமேரி காலனிக்காரர். பதினாறு வயதில் சித்தாள் வேலைக்குப் போனவர். சித்தாளாகப் போன பெண் சித்தாளாகவே கிழவியாவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர் சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கும்போது, அவர்களுடைய கரண்டியை எடுத்து மிச்சக் கலவையில் இரண்டு வரிசை கட்டிப் பார்ப்பார். முதலில் திட்டினார்கள். கட்டியதைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தாங்களே திரும்பக் கட்டினார்கள். பிறகு பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகவில்லை, பிரித்து என்ன செய்வது? முப்பது வயதில் அவர் கொத்தனார். இப்போது நாற்பத்தாறு. அவரிடம் தொழில் பழகியவர்கள் திருமானூர் வரைக்கும் வேலை செய்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒவ்வொரு பங்கிலும் நீதி, அமைதிக் குழு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒரு பெண் இருக்க வேண்டும், காலனியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அடைக்கலமேரியின் பெயரை எழுதினேன். ஒரே பெயரில் இரண்டு கட்டமும் நிரம்பியதில் எனக்கு அன்றைக்கு ஏகத் திருப்தி. குழு என்றால் ஒரு கோப்பு, அதற்கு ஒரு நாடா, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அவர் அப்படி நினைக்கவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தலைதெறிக்க ஓடுவதை நிறுத்த, இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு பதினோரு நாள் ரோட்டில் நின்றார். இப்போது காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் லாரி வராது. மாரியம்மன் கோயில் திருவிழாவும் எங்கள் நவநாளும் ஒரே வாரத்தில் வந்து, இரண்டு பக்கத்து ஒலிபெருக்கிகளும் மல்லுக்கு நின்ற வருடம், கோயில் தர்மகர்த்தா உத்திராபதியின் வீட்டுக்கு நேராகப் போய் உட்கார்ந்து பேசினார். சாமி வீதியுலா வரும்போது நாங்கள் அணைக்க வேண்டும், ஜெபம் நடக்கும்போது அவர்கள் அணைக்க வேண்டும். இன்று வரை அது மாறவில்லை. இதையெல்லாம் ஆண்டறிக்கையில் நான்தான் பெருமையாக எழுதினேன். ஊருக்கு வெளியே நடக்கிற நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஊருக்குள் கல்லறைத் தோட்டம் இருந்தது. அதற்கு நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் பெரிய தெருவின் கல்லறைகள், மறுபக்கம் காலனியின் கல்லறைகள். பக்கத்துக்கு ஒரு வாசல். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் சாமியார் எங்கள் பக்கத்தை மந்திரித்துவிட்டு, வெளியே ரோட்டுக்கு வந்து, சேற்றில் சுற்றிக்கொண்டு போய் அடுத்த வாசலில் நுழைவார். புதிதாக வருகிற சாமியார்கள் முதல் வருடம் முகம் சுளிப்பார்கள். அடுத்த வருடம் குடையோடு தயாராக வந்துவிடுவார்கள்.

போன வருடம் ஐப்பசி மழையில் அந்தச் சுவர் விழுந்தது. எங்கள் பக்கமாகச் சாய்ந்ததில் என் அம்மாவின் கல்லறை உடைந்து சிலுவை இரண்டாகிவிட்டது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவசரக் கூட்டம் போட்டோம். திருநாளுக்குள் சுவரை எழுப்பிவிடுவது என்று பெரிய தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். பங்கில் எந்தக் கட்டட வேலை வந்தாலும் பங்குக் கொத்தனாருக்குத்தான் கொடுப்பது என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கப்படி அடைக்கலமேரிக்கு ஆள் அனுப்பினோம். குழு உறுப்பினராக அல்ல, கொத்தனாராக. அதில் ஏதாவது கோணல் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கூட்டத்துக்கு வந்து நின்றவரிடம், "என்னைக்கு ஆரம்பிக்கிறம்மா?" என்று கேட்டேன்.

"இடிஞ்சத அள்ளித் தரேன் சார். கட்டித் தர மாட்டேன்."

பங்குச் சாமியார் ஜெயப்பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தார். வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "ஏம்மா?" என்றார்.

"அந்தச் செவுத்துக்குக் கல்லு சொமந்தவ நான் சாமி. எங்கப்பாவப் பொதச்சு மூணு மாசங்கூட ஆவல. அவரு தலமாட்டுலதான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனாங்க. கூலிக்கு வந்தாச்சு, மாட்டேன்னு சொல்லத் தெரியல. மூணு நாளு சொமந்தேன். சாருதான் நின்னு வேல வாங்குனாரு." அவர் குரல் உயரவே இல்லை. "இன்னொரு தடவ சொமக்க மாட்டேன்."

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். வேலை நடந்தது நினைவிருந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது நினைவிருந்தது. சித்தாள் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள், அதுவும் நினைவிருந்தது. ஒருத்தியின் முகம்கூட நினைவில் இல்லை. அது எனக்கு வலித்தது.

வலித்ததே தவிர நான் திருந்தவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. இவர் இல்லாவிட்டால் வேறு கொத்தனாரே கிடையாதா என்று திருமானூர் பக்கம் ஆள் தேடினேன். எல்லோரும் மரியாதையாக, "வேல கெடக்குது சார்" என்றார்கள். யாரிடம் தொழில் பழகியவர்கள் என்பதை மறந்துவிட்டேன். கடைசியில் என் மைத்துனர் சொல்லி, பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து, அத்தனை தூரம் தாண்டி, அரும்பாவூர் பழனிவேல் என்ற கொத்தனார் பைக்கில் வந்து சேர்ந்தார். திருநீறு பூசிய, அதிகம் பேசாத மனிதர். டேப்பைப் பிடித்து அளந்துகொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

"சுத்துச் செவுரு நல்லாத்தானுங்க இருக்கு. நடுவுல எதுக்குங்க? ஆடு மாடு பூருதுங்களா?"

"இல்லை."

"தண்ணி கிண்ணி தேங்குதுங்களா?"

"இல்லை."

அவர் பதிலுக்காக டேப்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி கட்டலாம் என்கிற தொழில்காரரின் கேள்வி அது. நான் கூட வந்திருந்த சாமியாரைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்க சார்" என்றார் சாமியார்.

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவன் நான். கேள்வி கேட்டே பழக்கப்பட்டவன். அந்தச் சுவரைப் பற்றி எத்தனையோ தீர்மானம் எழுதியிருக்கிறேன். அது எதற்காக இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பாதுகாப்புக்கு" என்றேன்.

பழனிவேல் சுற்றிலும் கல்லறைகளைப் பார்த்தார். "யாருக்குங்க?" என்றார்.

அவரே டேப்பைச் சுருட்டினார். "நீங்க பேசி முடிவு பண்ணிட்டு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே கூட்டம் கூட்டி, நடுச்சுவர் கட்டுவதில்லை என்று தீர்மானம் எழுதினேன். என் தெருக்காரர்களே என்னைக் கண்டபடி பேசினார்கள். இரண்டு குடும்பங்கள் ஒரு மாதம் பூசைக்கு வரவில்லை, பிறகு வந்துவிட்டார்கள். மை காய்வதற்குள் சாமியார் கையெழுத்துப் போட்டார்.

திருநாளன்று அவர் ரோட்டைச் சுற்றாமல் நேராக நடந்ததைப் பற்றி ஊரே பேசுகிறது. எனக்கு மனதில் நிற்பது அதற்கு முந்தின நாள் காலை. அம்மாவின் கல்லறையைப் பார்க்கப் போனேன். அடைக்கலமேரி தனியாக உட்கார்ந்து, விழுந்த சுவரின் செங்கல்லில் ஒட்டியிருந்த பழைய காரையைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

"அம்மா கல்லறைய இன்னைக்கே நிமித்திடலாம் சார்" என்றார். "பண்டிகைன்னு சித்தாளு யாரும் வரல. நீங்கதான் கல்லு எடுத்துக் குடுக்கணும்."

வேட்டியை மடித்துக் கட்டினேன். கைக்கு இரண்டாக எடுத்துப் போனேன். பத்து நடைக்குள் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அவர் ஒவ்வொரு கல்லையும் கரண்டிக் காம்பால் தட்டிக் கேட்டார். "இது வெடிப்பு விட்டிருக்கு, வேற எடுங்க" என்று தயவுதாட்சண்யமில்லாமல் தள்ளினார். மூன்று நாள் இதைத் தலையில் சுமந்த பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தேனா என்று கேட்க நினைத்தேன். பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் அம்மாவின் கல்லறை எழுந்துவிட்டது. சிலுவையையும் ஒட்டி நிறுத்தினார். அப்போதுதான் சுவர் இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், மண்மேடாகக் கிடந்த ஒரு கல்லறையைப் பார்த்தேன். தகரப் பலகையில் சவரிமுத்து என்று எழுதியிருந்தது. இருபத்தொன்பது வருடமாக என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்.

அடைக்கலமேரி மிச்சக் கலவையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே, "இதுல எங்கப்பாவுக்கும் ரெண்டு வரிசை வச்சிடலாம் சார்" என்றார். "இன்னும் கொஞ்சம் கல்லு கொண்டாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன்.