கிணற்றில் மிதந்த தம்பி

என் தம்பி கடலூரில் விசைப்படகு என்ஜின் பார்க்கும் வேலைக்குப் போகிறான் என்று கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் பம்புசெட் ரிப்பேர் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. எங்கள் நிலத்துக் கிணற்றில் குளிக்கச் சொன்னால்கூடப் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவான்.

“ரெண்டும் டீசல் என்ஜின்தான்க்கா. ஒண்ணும் வித்தியாசம் இல்ல.”

“பம்புசெட்டு நின்னா வரப்புல நடந்து வூட்டுக்கு வரலாம். கடல்ல நின்னா எதுலடா நடப்ப?”

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ஆனால் போய்விட்டான். பிடிவாதத்தில் என்னையே தூக்கிச் சாப்பிடுகிறவன். அவன் போனதிலிருந்து வானம் கொஞ்சம் இருட்டினாலே எனக்குச் சோறு இறங்காது.

நானும் என் வீட்டுக்காரரும் தேரடிப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருந்தோம். பஞ்சு அடிப்பதும் அடைப்பதும் அவர், தைப்பது நான். ஒரு நாள் நிலத்தில் வெயிலுக்குப் போட்டிருந்த இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று காற்றில் உருண்டு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. சாயங்காலம் தேடிப்போய் எட்டிப் பார்த்தால் தக்கை மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது! எடுத்துப் பிரித்தேன். உறைதான் நனைந்திருந்தது. உள்ளே பஞ்சு காய்ந்தே கிடந்தது. என் வயிற்றில் பாலை வார்த்தது அந்தத் தலையணை.

கித்தான் துணியில் கை இல்லாத சட்டை ஒன்று தைத்தேன். அவர் பஞ்சு அடைத்துக் கொடுத்தார். பொங்கலுக்கு வந்த தம்பிக்கு அதை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றை அவர் கையில் கொடுத்து, நானே கிணற்றுக்குள் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரம் மிதந்தான். பிறகு கழுத்து போயிற்று, வாய் போயிற்று, குமிழி வந்தது.

“தூக்குங்க, தூக்குங்க!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொல்லையிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

மேலே வந்தவன் இருமி இருமித் திட்டினான். “கடல்ல சாவேன்னு பயந்து கெணத்துலயே சாவடிக்கிறியே!”

நான் அங்கேயே சட்டையைக் கிழித்துப் பார்த்தேன். இலவம்பஞ்சுக்கு நடுவே ஈரத்தில் ஊறிய பருத்திப் பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் ஒழுகுகிறது. எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். வெறும் இலவம் சீக்கிரம் அமுங்கிப் போகும் என்று கொஞ்சம் பருத்தி கலப்பார்கள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார்.

“கெட்டியா இருக்கட்டும்னு ஒரு பிடி ஜாஸ்தியா போட்டேன்.”

“அவன் என்ன இதுல படுத்துத் தூங்கவா போறான்? உங்க மச்சானுக்கு நீங்களே எமனாகப் பாத்தீங்களே!”

அடுத்ததற்குப் பஞ்சை நானே அடைத்தேன். பருத்தி ஒரு நூல்கூட இல்லை. பஞ்சு ஒரே பக்கம் ஒதுங்காதபடி சின்னச் சின்ன அறைகளாகத் தைத்தேன். தண்ணீரில் சட்டை மேலே ஏறி முகத்தை மூடாமலிருக்கக் கால் இடுக்கு வழியாக ஒரு பட்டையும் வைத்தேன். இறங்கவே மாட்டேன் என்றவனைக் கெஞ்சி, அழுது, அதட்டி இறக்கினோம்.

“அக்கா, காலு எட்டலக்கா! ஆனா முழுகல!” என்று கீழேயிருந்து கத்தினான். கையைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி மிதந்தான். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்தே வந்தது.

“இதைக் கழட்டிட்டுக் கடல்ல போனே, அப்புறம் எனக்குத் தம்பியே இல்ல,” என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

படகில் அவனைப் படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். படகை ஓட்டும் டிரைவர்தான் அதில் முதல் ஆள். “நான் பொறந்ததே தண்ணியிலதான்டா. பயந்தாங்கொள்ளிக்குத்தான் இதெல்லாம்,” என்பாராம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போட்டுக்கொண்டான். எனக்குப் பயந்துதான்.

மழைக்காலத்தில் ஒரு நாள், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் பக்கவாட்டில் வந்த அலை படகைக் கவிழ்த்துவிட்டது. மற்றவர்கள் படகைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவருக்குத் தலையில் அடிபட்டு நினைவு தப்பிவிட்டது. முழுகப்போனவரின் முடியை மிதந்துகொண்டிருந்த என் தம்பி கொத்தாகப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டான். வேறொரு படகு வந்து ஏற்றும்வரை விடவில்லை. நீச்சல் தெரியாதவன் நீச்சல்காரரைக் காப்பாற்றினான்! அவன் ஊருக்கு வந்து சொன்னதும் எங்கள் தெருவில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

டிரைவருக்குக் காயம் ஆறியதும் மனைவியோடு எங்கள் கடைக்கு வந்தார். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தம்மாதான் வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எங்க ஊர்ப் படகுங்கள்ல போற அத்தன பேருக்கும் தைச்சுக் குடுங்கக்கா. தெர்மாகோல் வெச்சது சில பேரு வெச்சிருக்காங்க, அது பொடிஞ்சு பொடிஞ்சு கடலெல்லாம் குப்பை. இது கிழிஞ்சாலும் வெறும் பஞ்சுதானே. போடாம எவன் படகுல ஏறுறான்னு நாங்க பொம்பளைங்க கரையில நின்னு பாத்துக்குறோம்.”

டிரைவர் தானாகவே அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

வேலை முடிந்ததும் சட்டைகளை மூட்டை மூட்டையாகக் கட்டி, தம்பியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கூரைமேல் ஏற்றும்போது கண்டக்டர் கேட்டார். “என்னம்மா, கல்யாண மெத்தைங்களா?”

“மெத்தை இல்ல தம்பி, உசுரு. பாத்து ஏத்துங்க!” என்றேன், அந்த ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி.