எச்சில் பந்து

அந்த சூப்பரண்டு செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவரை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. வரவும் வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஆக்டிங் குமாஸ்தாவாக இருந்தேன். நாகர்கோவில் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பையனான எனக்கு அந்த வேலை கிடைத்தது கையெழுத்துக்காக அல்ல, பந்து போடுகிற கைக்காக. எங்கள் மேலதிகாரிக்குக் கிரிக்கெட் பைத்தியம். எதிர் ஆபீஸ் டீமைத் தோற்கடித்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். ஊரில் அம்மையும் தங்கைகளும் அந்தச் சம்பளத்தில்தான் கஞ்சி குடித்தார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? பூசாரி, எங்கள் சூப்பரண்டு. கரமனை அக்ரகாரத்துக்காரர். டீமுக்கும் அவர்தான் கேப்டன். என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர் மூஞ்சியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆட்டம் கிழக்கேகோட்டைக்கு வெளியே இருந்த மைதானத்தில். அப்போதெல்லாம் கயிற்றுப்பாயை விரித்து, ஆணி அடித்து, அதன்மேல்தான் ஆடுவோம். பாய்த்தூசி பட்டால் விரல் காய்ந்துபோகும். காய்ந்த விரலுக்குப் பந்து திரும்பாது. அதனால் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டுதான் போடுவேன்.

"டேய், எச்சக் கையால பந்தைத் தொடாதே, கேட்டியா? மத்தவாளும் அதைத் தொடணுமோன்னோ?" என்றார் சூப்பரண்டு.

"தொடாம போட்டா பந்து திரும்பாது சாமி. தோத்துருவோம்."

"சீ! எக்கேடு கெட்டுப் போ. நாங்க தொடமாட்டோம்."

எங்கள் டீம் முதலில் ஆடி நாற்பத்திரண்டு ரன்னில் சுருண்டது. சூப்பரண்டு முட்டை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பிறகுதான் உறைத்தது. நாற்பத்திரண்டை வைத்துக்கொண்டு யாரை ஜெயிக்க?

போட்டேன். இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துப் போட்டேன். சூப்பரண்டின் சேக்காளிகள் வருகிற பந்தைக் காலால் நிறுத்தி, புல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டு, என்னிடம் உருட்டிவிடுவார்கள். பறந்து வரும் கேட்சைப் புல்லில் தேய்க்க முடியுமா? இரண்டு கேட்சுகள் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தரையில் விழுந்தன. சரி, நீங்கள் யாரும் வேண்டாம் போங்கடா என்று குச்சியைப் பார்த்தே போட்டேன். ஒன்பது பேருடைய குச்சியும் எகிறியது. எதிர் டீம் நாற்பது ரன். இன்னும் ஒரே ஒரு விக்கெட்.

கடைசி ஆள் மட்டையை நீட்டினான். பந்து விளிம்பில் பட்டு, பக்கத்தில் நின்ற சூப்பரண்டின் நெஞ்சுக்கு நேரே போனது. சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கும். அவர் கை முன்னால் வந்தது. பிறகு பின்னால் போனது. விலகி வழிவிட்டார் பாவி! பந்து எல்லைக்கோடுவரை ஓடி நாலு ரன் ஆனது. தோற்றுவிட்டோம்.

மேலதிகாரி தூரத்தில் பந்தலில் இருந்தார். யார் விட்டது, எப்படி விட்டது என்று அங்கிருந்து தெரியாது. சூப்பரண்டு எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொன்னார்: "இவனை நம்பினோம் சார். கடைசிப் பந்துல கோட்டை விட்டுட்டான். ஆபீஸ்லயும் இப்படித்தான், ஒண்ணுக்கும் கொள்ளாது."

மேலதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "செரி, இந்த மாசத்தோட அனுப்பிரும்" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. நேரே சூப்பரண்டின் மூஞ்சிக்கு முன்னால் போய் நின்றேன்.

"வே! பந்தைப் புடிச்சுட்டுக் கரமனை ஆத்துல ஒரு முங்கு முங்கியிருந்தா உம்ம தீட்டு தீந்திருக்கும். எங்க அம்மையும் தங்கச்சிமாரும் இனி எதைத் திம்பாவ? சொல்லும்வே!"

ஆத்திரத்தில் வாய் நுரைத்தது. நான் கத்திய கத்தலில் என் எச்சில் அவருடைய கன்னத்திலும் மூக்கிலும் தெறித்தது. துடைத்தால் கையும் எச்சிலாகிவிடும் என்று, துடைக்காமல் அப்படியே நின்றார்.