அப்பா திவசத்துக்கு நான் போட்ட தோட்டம்

செடிக்கு உரமாகக் கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒரு வாசனை வரும், தெரியுமோ? தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. மாம்பலம் ஸ்டேஷனில் நான் ரயிலேறினால் என் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மகாராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டு ஆபீஸ் போவேன்...

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று மனை போட்டு விற்ற காலம். மயிலாப்பூர் ஒண்டுக் குடித்தனத்தில் சலித்துப்போன நானும் ஒரு மனை வாங்கி, முன்னால் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். பின்னால் பெரிய கொல்லை.

அந்தக் கொல்லையில் மண்வெட்டியை இறக்கியது அப்பாவால்தான். "இவனா? ஒரு கீரைத்தண்டு முளைக்க வைக்கத் துப்பு கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். புது வீட்டைப் பார்க்காமலே ஒரு தை மாசம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதிமூன்றாம் நாள் சாப்பாட்டில், எல்லோரும் இருக்கையில், எனக்கு என்ன தோன்றியதோ... "முதல் வருஷத் திவசத்துக்கு இலையில் விழுகிற காய் அத்தனையும் என் கையால் விளைந்ததாக இருக்கும். ஒன்றுகூட வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

கேட்டவர்களில் என் அத்திம்பேரும் ஒருவர். அக்கா புருஷன். அவர் காதில் காலையில் விழுந்தது சாயங்காலத்துக்குள் லஸ் முனை தாண்டித் திருவல்லிக்கேணி வரைக்கும் போய்விடும். போயிற்று.

அப்புறம் பின்வாங்க முடியுமா?

மூர் மார்க்கெட்டில் பழைய இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று அகப்பட்டது. கடைக்கே போகாமல் கொல்லையை வைத்துப் பிழைப்பது எப்படி என்று யாரோ ஒரு துரை எழுதியது. அவர் சொன்ன விதைகளையே தபாலில் வரவழைத்தேன். தினம் ஆபீசுக்கு முன்னால் நாற்பது குடம் இறைப்பேன். ஏரி மண் இருக்கிறதே, மழை பெய்தால் அல்வா. இரண்டு நாள் வெயிலடித்தால் கருங்கல். அப்போது பிடித்த முதுகு... இன்னும் விடவில்லை.

ஜனவரியில் உறைபனி விழும், செடிகளை வைக்கோலால் மூடு என்றார் துரை. மூடினேன். மெட்ராஸில்! வியர்வை சொட்டச் சொட்ட.

தடுக்க ஆளில்லை. விதைப் பார்சல் வருவதற்கு முன்பே, ஐப்பசியில், மனைவி பிரசவத்துக்குக் காஞ்சீபுரம் போய்விட்டாள். சைதாப்பேட்டையிலிருந்து காய்க்கூடை கொண்டுவரும் கன்னியம்மா ஒருத்திதான் தினம் வாசலில் நிற்பாள். "இனிமே இங்கே வராதே, எங்காத்துலேயே விளையறது" என்று ஒருநாள் அவளிடம் பெருமையடித்துக்கொண்டேன். கொல்லையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாமி, வெறும் எலையாக் கீது? காய் எங்கே?"

"நடுவிலே உருண்டு திரண்டு வரும், பாரு."

"வரட்டும், வரட்டும். நான் எங்கியும் பூட மாட்டேன்."

வந்ததே! தேங்காய் மூடி அளவில் முட்டைக்கோஸ். பீட்ரூட், நூல்கோல், குண்டு குண்டாகத் தக்காளி. அப்பா மட்டும் இருந்திருந்தால்...

திவசத்துக்கு முதல் நாள் காலையில் மனைவி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். காபி குடிக்கக்கூட விடாமல் கொல்லைக்கு அழைத்துப் போனேன். பாத்தி பாத்தியாகப் பார்த்தாள்.

"நன்னா வந்திருக்கு... ஏன்னா, நாளைக்குத் தெவசத்துக்குக் காயெல்லாம் எங்கே?"

"இதுதான்."

"இதா? கோஸும் தக்காளியும் தெவசத்துக்கு ஆகுமோ? சீமைக் காய் எதையும் சேக்கறதில்லையே! வாழைக்கா, பாகக்கா, புடலங்கான்னுதானே பண்ணுவா? நீங்க தெவசச் சாப்பாடே சாப்பிட்டதில்லையா?"

சாப்பிட்டிருக்கிறேன், முப்பது வருஷமாக. இலையில் என்ன விழுகிறது என்று பார்த்ததில்லை. எப்போது விழும் என்றுதான் பார்த்திருக்கிறேன்.

கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் அப்பாவுக்காக என்று இறைத்த தண்ணீரில் ஒரு சொட்டுகூட அவர் இலைக்குப் போகாது. மனைவி வாசலுக்குப் போய்க் கன்னியம்மாவைக் கூப்பிட்டாள். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய் எல்லாம் கூடையிலிருந்து இறங்கின.

"இன்னா சாமி, உருண்டு வந்துச்சா?" என்றாள் கன்னியம்மா. என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி வுடு. பெரியவருக்குத்தானே, நல்லதாப் பொறுக்கிக் குடுக்கறேன்" என்றாள்.

பிறகு மனைவி அரிவாள்மணையை எடுத்து வைத்துவிட்டுப் பின் வேலிக்குப் போனாள். கள்ளிப் புதரில் படர்ந்திருந்த பிரண்டையை ஒடித்து மடி நிறையக் கொண்டுவந்தாள். "துவையலுக்கு ஆச்சு. இது இல்லாம தெவசமா?"

நான் நட்டதில்லை. தண்ணீர் விட்டதில்லை. அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

மறுநாள் பந்தியில் அத்திம்பேர் இலையைத் துப்பறிந்தார்.

"இதுல எதுடா நீ போட்டது?"

"துவையல்."

"பிரண்டையை நீயா நட்டே?"

"நடலை அத்திம்பேர். பிடுங்காம விட்டேன்."

பந்தியே சிரித்தது. அத்திம்பேருக்குப் புரையேறிற்று. புறப்படும்போது, "தெவசத்துக்குத்தானே ஆகாது, நாளைக்கு ஆகுமோல்லியோ?" என்று ஒரு கோணி நிறைய முட்டைக்கோஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வாரம் மயிலாப்பூரில் என் பேச்சுதான்.

இப்போது எங்கள் தெருமுனையில் பஸ் நிற்கிறது. பாத்தி இருந்த இடத்தில் இரண்டு அறை கட்டிக் குடித்தனம் வைத்திருக்கிறேன். கள்ளி வேலியை எடுத்துவிட்டு மதில் எழுப்பியாயிற்று. இந்தத் தை மாசம் காயெல்லாம் கடையில்தான் வாங்கினோம். பிரண்டையும்தான்... கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

துவையல் நன்றாகத்தான் இருந்தது. எது நீ போட்டது என்று அத்திம்பேர்கூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.