இன்னொரு தடவை

என் பெரியம்மா மகள் வர்தியாவின் புருஷன் மொக்ரான் கிட்டாரில் தப்பு விட்டதை எங்கள் ஊர் தீஸி ஊஸூவில் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன், ஒரே ஒரு தடவை. அதை அழித்ததும் நான்தான், இந்த ஆள்காட்டி விரலால்.

பகலில் அவருக்குக் குளிர்பெட்டித் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் பிரிவில் வேலை. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் போதும், பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மாலையிலும் விடுமுறையான வெள்ளிக்கிழமைகளிலும் என் பாட்டுப்பதிவு ஸ்டுடியோவுக்கு வந்து யார் யாருக்கோ வாசிப்பார். எண்பதுகளில் எங்கள் ஊரில் கேசட் போடாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குரலே இல்லாதவன்கூட, மொக்ரான் வாசித்தால் கேசட் தேறிவிடும் என்று வந்து நிற்பான்.

ஒரு கல்யாணத்தில் மணமகள் காரிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து, இரண்டாம் தந்தி இழையளவு இறங்கிவிட்டது என்று வாசிப்பை நிறுத்திவிட்டுச் சுருதி சேர்க்க உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சத்தமாகவே கேட்டாள்: "கிட்டார்காரர் உத்தரவு குடுத்துட்டாரா, பொண்ணை எறக்கலாமா?" கூட்டம் சிரித்தது. அவர் காதில் எதுவும் விழவில்லை.

வர்தியா அக்காவும் பாடுவாள். ஆம்பிளைகள் முன்னால் இல்லை. அதெல்லாம் அப்போது நினைத்தே பார்க்க முடியாது. பெரிய மரத் தட்டில், எங்கள் அன்றாடச் சாப்பாடான குஸ்குஸுக்கு ரவையை உள்ளங்கையால் உருட்டும்போது தானாக வரும். அவள் அண்ணன் அக்லி பிரான்சில் சுரங்க வேலைக்குப் போய், கடிதம் போடுவதையே விட்டுவிட்டான். அவனைப் பற்றி அவளே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. 'உன் தட்டை நான் இன்னும் கவிழ்த்து வைக்கவில்லை' என்று ஆரம்பிக்கும்.

பக்கத்து அறையில் மொக்ரான் சாதகம் பண்ணிக்கொண்டிருப்பார். ஒரு மத்தியானம் நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் எழுந்ததும் இந்த மனுஷனின் கை இளகிவிட்டது. அவள் மூச்சு விடுகிற இடத்தில் இவர் காத்திருந்தார். அவள் இழுத்தால் இவரும் இழுத்தார். அளவுகோலை முழுங்கினவர் மாதிரி வாசிக்கும் மனுஷன், அன்றைக்கு ஏதோ காதல் பண்ணுகிறவன் மாதிரி வாசித்தார். வாய் சும்மா இருக்காமல் நான் சொல்லிவிட்டேன்: "மச்சான், ஸ்டுடியோல நீங்க வாசிக்கிறது தொழில். இதுதான் வாசிப்பு."

அதிலிருந்து அவருக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. ஊரானுக்கெல்லாம் நூறு கேசட்டில் வாசித்தாயிற்று, தனக்கென்று ஒரு பாட்டு இல்லை, வர்தியா பாடித் தான் வாசித்த ஒரே ஒரு பாட்டு இருந்தால் போதும் என்றார். இரண்டு வருஷம் அவளைக் கெஞ்சினார். கேசட்டில் பெயர் போடமாட்டோம் என்று நான் சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகு, எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாமியாரிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஹெட்போனை மாட்டியதும் உடனே கழற்றிவிட்டாள். தண்ணிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறதாம். அதனால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஆளுக்கொரு மைக் வைத்தேன். அவள் மைக்கில் கிட்டாரும் விழும், அவர் மைக்கில் குரலும் விழும். ஒன்றில் தப்பு வந்தால் அதை மட்டும் திருத்த முடியாது, இருவரும் முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும். டேப்புக்குப் பஞ்சமான காலம் வேறு. யாருடைய கேசட்டுக்கோ பதிந்ததுபோக, ஒரு சுருளின் வாலில் ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது. ஒரு பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான்.

முதல் தடவை பாடினாள். மூன்றாவது அடியில், வீட்டில் பாடுவதைவிட நீளமாக இழுத்தாள். அண்ணன் முகம் வந்துவிட்டது போல. மொக்ரான் காத்திருந்தார், காத்திருந்தார், பிறகு அவசரமாக உள்ளே நுழைந்தபோது விரல் பக்கத்துத் தந்தியில் உரசி ஒரு கரகரப்பு விழுந்தது. அழ வந்ததை அடக்கும் தொண்டைச் சத்தம் மாதிரி இருந்தது அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஸ்டுடியோ நடத்தினேன், அப்படி ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். நான் உள்ளே கேட்கும் மைக்கை அழுத்தி, "அக்கா, இன்னொரு தடவை" என்றேன். காரணம் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஆள் மிரண்டுவிடுவான் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. டேப்பைப் பின்னால் ஓட்டினேன். இதன் மேலேயே பதியட்டுமா என்று கையால் கேட்டேன். தலையாட்டினார். அழுத்தினேன். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் பெரிய வித்வான், நான் பொத்தான் அழுத்துகிறவன் என்று இருந்துவிட்டேன்.

பிறகு இரண்டு, மூன்று, ஐந்து. என்ன குறை என்று எனக்கே கேட்கவில்லை. விரல் மயிரிழை பிந்திவிட்டது என்பார், தந்தி சரியாக ஒலிக்கவில்லை என்பார். அதுவும் என்னிடம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, காதோடு. ஏழாவதில் அவள் வளையல்களைக் கழற்றச் சொன்னார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் நான் "இன்னொரு தடவை" என்றதும் "சரி" என்றாள். அந்த 'சரி' சின்னதாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவதுக்கு மேல் வாயே திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள்.

பதினேழாவது தடவை ஒரு பிசிறு இல்லை. மொக்ரான் முகத்தில் சிரிப்பு வந்தது. ஓட்டிக் காட்டினேன். அக்கா குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். முடிந்ததும், "இது யாரு பாடறது?" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். வளையல்களை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

ஒரு மாதம் கேட்டுவிட்டு மொக்ரான் வந்தார். கிட்டார் நன்றாக இருக்கிறது, குரலில் உயிர் இல்லை, மறுபடி பதிய வேண்டும் என்றார். வர்தியா மாட்டேன் என்றாள், ஏன் என்று சொல்லவில்லை. அந்தப் பாட்டு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டிலும் பாடவில்லை. ரவை உருளும் சத்தம் மட்டும்தான். சுவருக்கு இந்தப் பக்கம் இவர் வாசிப்பு கட்டையாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து, உயிர் இருந்த அந்த முதல் பதிவின் நகல் இருக்கிறதா, தேடிப் பார்த்தாயா என்று கேட்பார். ஒரு தடவை ஆத்திரம் தாங்காமல் கத்திவிட்டேன்: "நீங்கதான் அழிக்கச் சொன்னீங்க, நான்தான் அழிச்சேன், ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னுட்டு இப்ப பொணத்தைத் தேடறீங்களா?" அதற்குப் பிறகும் வந்து கேட்டார்.

பத்தொன்பது வருஷம் போயிற்று. அவர்கள் மகள் நஸ்ஸிமாவுக்குக் கல்யாணம். மத்தியானம் மருதாணி வைக்கும் சடங்கு. உள்ளங்கையில் மருதாணியைக் குழைத்து வைக்கும்போது பெண்ணின் அம்மாதான் முதல் அடியைப் பாட வேண்டும். அவள் பாடிய பிறகுதான் மற்றவர்கள் குலவை விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். பெண்கள் எல்லாம் காத்திருந்தார்கள். வர்தியா கிண்ணத்தை நாத்தனார் கையில் கொடுத்து, "நீ பாடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நஸ்ஸிமா கையை நீட்டியபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி என்ற உரிமையில் அடுப்படிக்குள் போனேன்.

"பெத்த பொண்ணுக்கு ஒரு அடி பாடக் கூடாதா அக்கா? என்ன மனசு உனக்கு?"

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "பாட வந்தா பாட மாட்டேனா? எனக்குத்தான் வராதுன்னு அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் பதினாறு தடவை சொல்லிட்டீங்களே."

"அக்கா, அது உன் குரலுக்காக இல்ல. அவர் கிட்டாருக்காக. மொத தடவை அவர் விரல் உரசிருச்சு, அதுலேர்ந்து ஆரம்பிச்சது. உன் குரலுக்காக ஒரு தடவைகூட நிறுத்தல."

கரண்டி நின்றது. "ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன தம்பி?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "ரவை உருட்டும்போதெல்லாம் தொண்டை வரைக்கும் வரும். எங்க தப்பு விடறேன்னு யோசிப்பேன். யோசிச்சதும் போயிடும். இப்பல்லாம் வர்றதே இல்ல."

முற்றத்துக்கு வந்து மொக்ரானிடம் சொன்னேன். "அவ குரல்ல குத்தம் சொல்ல என்ன இருக்கு? அது அவளுக்குத் தெரியாதா?" என்றார். நீங்கள் என்றைக்காவது சொன்னீர்களா என்று கேட்டேன். பெண்டாட்டியை அவள் முகத்துக்கு நேரே புகழ்வது எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு அழகில்லை. அந்த அழகில் நானும் குறைந்தவனில்லை.

பெண்கள் நிறைந்த அடுப்படிக்குள், என்னைப்போல் தம்பி என்று சொல்லிக்கொண்டு அவரால் போக முடியாது. உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்தார். அடுப்படி ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் பாட்டை வாசித்தார். மருதாணி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். குரல் வர வேண்டிய இடத்தில் கையை நிறுத்திக் காத்திருந்தார். ஜன்னலில் ஆவி மட்டும் வந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். விரல் ஒரு தடவை வழுக்கட்டும், ஒரு தந்தியாவது உரசட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வழுக்கவில்லை. அந்தக் கைக்கு வேறு எப்படியும் வாசிக்கத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, ஒரு பிசிறு இல்லாமல் மூன்றாவது தடவையும் வாசித்தார்.

வர்தியா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம்.

"நல்லா வாசிக்கிறீங்க," என்றாள், யாரோ வெளியாளிடம் சொல்வதுபோல. "ஒரு தப்பும் இல்ல."

பிறகு, பந்திக்கு நேரமாயிற்று, ஆட்களை உட்காரச் சொல் என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.